விசில் என்று குறித்த இடங்கள்

நத்தை யாரென்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவள் ஒரு பெண், வீட்டில் சமைக்கிறவள், குக்கரில் மூன்று விசிலுக்கு அரிசி வைக்கிறவள் என்பது மட்டும் நூலகத்தில் வேலை செய்கிற சகாயராணிக்குத் தெரியும். அப்படித்தான் அவள் சில வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலை நூலகத்தில் காகிதப் புத்தகங்கள் இன்னும் இருந்தன. ஆனால் பெரும்பாலானவர்கள் வாசிப்புப் பலகையைத்தான் வாங்கிப்போனார்கள். அதை இரண்டு பெருவிரல்களாலும் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். கண் எந்த வரியில் நிற்கிறது, விரல் எப்போது அசையாமல் இருக்கிறது என்பதைப் பலகை கவனித்துக்கொள்ளும். படித்தவர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், எங்கே வேகமாகப் போனார் என்பதெல்லாம் ஒரு தடமாகச் சேரும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது விருப்பப்பட்டால் தடத்தையும் நூலகத்துக்குக் கொடுக்கலாம். சொந்தப் பெயர் வேண்டாம், நத்தை என்பதுபோல ஒரு புனைபெயர் போதும். அடுத்து அந்த நாவலை அந்தத் தடத்தோடு எடுத்துப்போகிறவருக்கு, முன்னவர் நின்ற இடத்தில் பக்கமும் நிற்கும். அவர் ஓடிய இடத்தில் வரிகளும் ஓடும். யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே படிப்பதுபோல இருக்கும்.

ஒரே இடங்களில் நிற்கிறவர்களை நூலகத்து இயந்திரம் சேர்த்துவைத்தது. இவர் நின்ற இடத்தில் நீங்களும் நின்றீர்கள், இவர் அடுத்துப் படித்தது இது என்று காட்டும். நூலகத்தில் பரிந்துரை என்று இருந்தது அதுதான்.

"யக்கா, நத்தை அடுத்தது போட்டாச்சா?"

இசக்கி மேசைக்கு எதிரே வந்து நின்றாள். கல்லூரியில் கணக்குப் படிக்கிற பெண். ஒரு தோளில் பை, கையில் பிரித்த மக்ரூன் பொட்டலம்.

"உள்ள தின்பண்டம் கொண்டு வராதன்னு எத்தனை தடவை சொல்லுதேன்."

"உங்களுக்குத்தான் வாங்கிட்டு வந்தேன். லஞ்சம்."

"பாதியத் தின்னுட்டு லஞ்சமா?"

"மீதி முழுசா உங்களுக்குத்தானே." பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "சொல்லுங்க, வந்துட்டா?"

"நேத்து வந்துச்சு. இன்னும் துடைக்கல."

"என்ன கதை?"

சகாயராணி குரலைத் தாழ்த்தினாள். "உப்பளத்துல வேலை செய்ற ரெண்டு பொம்பளைய."

இசக்கி சுற்றிலும் பார்த்தாள். "ரெண்டு பேரும்?"

"ஆமா."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து உடனே உள்ளே போனது. நத்தை படிப்பதெல்லாம் அப்படிப்பட்ட நாவல்கள்தான். இரண்டு லாரி ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் நேசித்த கதை. முதலில் ஒருவனையும் பிறகு ஒருத்தியையும் மனதார விரும்பிய ஒரு நர்ஸின் கதை. நூலகப் பட்டியலில் முன்பு தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு நாவல்கள் என்று ஒரு தலைப்பு இருந்தது. ஒரு சங்கத்தார் வாசலில் வந்து கோஷம் போட்ட பிறகு அந்தத் தலைப்பை எடுத்துவிட்டார்கள். புத்தகங்களை எடுக்கவில்லை. அவை எங்கெங்கோ கலந்து கிடந்தன. பெயர் தெரிந்தால் கேட்டு வாங்கலாம். பெயர் தெரியாதவர்களுக்கு இருந்த ஒரே வழி நத்தையின் தடம்.

"துடைக்கிறதுன்னா என்னதான் செய்தீய?" இசக்கி மேசையைச் சுற்றி வந்து திரையை எட்டிப் பார்த்தாள். அதில் ஒரு நீளக் கோடு, நடுநடுவே முடிச்சுகள்.

"இது ஒவ்வொண்ணும் ஒரு நிறுத்தம். படிச்சு நின்னதா, இல்ல வாசல்ல கீரைக்காரி கூப்பிட்டாளான்னு மெஷினுக்குத் தெரியாது. நான்தான் பாக்கணும்."

"எப்படிப் பாப்பீய?"

"விரல் பலகையிலயே இருந்தா படிச்சு நின்னது. விரல எடுத்துட்டா எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னு அர்த்தம். அதுக்கு நாங்க விசில்னு குறிப்போம். குக்கர் விசில். அப்படிக் குறிச்சா அது அழிஞ்சிரும். உன் பலகைக்கு வராது."

"நத்தைக்கு விசில் உண்டா?"

"நெறைய. ரொம்ப நேரம் நிப்பா. அதுக்கப்புறம் விரல எடுப்பா. வைப்பா, திரும்ப எடுப்பா. மூணு தடவை. அடுப்புல சோத்த வச்சிட்டுப் படிக்கா, பாவம்."

இசக்கி சிரித்தாள். "நானும் மெர்லினும் அதான் பேசிக்கிடுவோம். நத்தை அக்காவுக்கு ரெண்டு பிள்ளைய இருக்கும், மாமியா இருக்கும், அத்தனையும் சமாளிச்சிட்டு அடுக்களையில ஒளிஞ்சு படிப்பாங்கன்னு. மெர்லின் சொல்லுவா, அவங்களே நிக்கும்போது நமக்கென்னடின்னு."

மெர்லின் கொச்சியில் வேலைக்குப் போன தோழி. அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் இசக்கி கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பாள். சகாயராணி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பாள். அதைப் பார்க்கத் தெரிந்த கண் தனக்கு எப்படி வந்தது என்று யோசிக்காமல் இருப்பதும் அவளுடைய பழக்கம்.

அன்று மதியம் நூலக அலுவலர் திரவியம் கூப்பிட்டனுப்பினார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். ஒன்று கேட்டால், பதில் வருவதற்குள் நமக்குக் கேள்வி மறந்துவிடும்.

"உக்காருங்க சகாயம்," என்றார். அவள் காத்திருந்தாள்.

"ஒரு தாயார் புகார் கொடுத்திருக்காங்க. மக இங்கருந்து என்னத்தையோ எடுத்துட்டுப் போய்ப் படிக்கா, வரன் வந்தா வேண்டாங்கான்னு. அடுத்த வாரம் கமிட்டி வருது."

"எந்தப் புஸ்தகம் சார்?"

"புஸ்தகம்னு இல்ல. நத்தைன்னு எழுதியிருக்காங்க."

"தடத்தை எடுத்துரணுமா?"

"எடுத்தா யாரு எடுத்தான்னு கேப்பாங்க. நத்தை யாருன்னும் கேப்பாங்க. பலகை நம்பரைத் தோண்டுவாங்க. புஸ்தகத்த எடுத்தா பேப்பர்ல வரும். ரெண்டும் வேண்டாம்."

"பின்ன?"

"விசில்னு குறிச்சிருங்க."

"எதை சார்?"

"எல்லாத்தையும்."

அவளுக்கு உடனே புரிந்தது. தடம் இருக்கும், புத்தகமும் இருக்கும். ஆனால் நின்ற இடம் ஒன்றுகூட இருக்காது. எங்கேயும் நிற்காத தடத்தை இயந்திரம் யாரோடும் சேர்க்காது. அந்த நாவல்களுக்குப் போகிற வழி சத்தமில்லாமல் அடைபட்டுவிடும்.

"நாம எதையும் தடை பண்ணலைல்லா," என்றார் திரவியம்.

"அதெல்லாம் விசில் இல்ல சார். படிச்சு நின்னது." சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தன் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது தெரிந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க முயன்றார். "என்ன சகாயம், நீங்களும் நத்தை கட்சியா?"

அது வேடிக்கைக்குக் கேட்ட கேள்விதான். ஆனால் அவளுக்குக் காது சுட்டது. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டில் இருக்கிறவள் அவள். ஏன் ஆகவில்லை என்பதற்கு ஊர் ஏற்கனவே பல காரணங்கள் வைத்திருந்தது. இன்னொன்றை அவளே எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

"சே. யாரு எங்க நின்னா எனக்கென்ன சார்," என்றாள்.

சொன்ன வேகம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. திரவியம் தலையை மட்டும் ஆட்டினார்.

மேசைக்குத் திரும்பி உப்பளக் கதையைத் திறந்தாள். ஒவ்வொரு தடத்தையும் துடைப்பதற்கு முன்னால் இந்தத் திரையிலேயே அதனோடு கூடவே ஒருமுறை படித்துவிடுவது அவள் வழக்கம். வேலைக்காகத்தான் என்று சொல்லிக்கொள்வாள். மற்றவர்கள் தடத்தை வேகமாகத் தள்ளிப் பார்ப்பாள், நத்தையினுடையதை மட்டும் அப்படிச் செய்வதில்லை.

கதையில் பேச்சியும் தங்கமும் ஒரே பாத்தியில் உப்பு வாருகிறார்கள். வெயிலில் கண் கூசும்போது ஒருத்தி மற்றவளுடைய நிழலில் நின்றுகொள்கிறாள். நத்தை அங்கே நின்றாள். வெடித்த குதிகாலுக்கு ஒருத்தி விளக்கெண்ணெய் தடவிவிடுகிறாள். நத்தை அங்கேயும் நின்றாள். கடைசியில் தங்கத்தைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறார்கள். பேருந்து நிலையத்தில் பேச்சி அவளுடைய பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வண்டி கிளம்பும்வரை விடவில்லை. வேறொன்றும் நடக்கவில்லை. அந்த வரியில் நத்தை நின்ற நேரத்துக்கு, வாசிப்பு முடிந்துவிட்டதா என்று பலகையே கேட்டிருந்தது. அதற்குப் பிறகு வழக்கம்போல விரலை எடுத்து, வைத்து, எடுத்து. மூன்று தடவை.

சகாயராணி முதல் முடிச்சைத் தொட்டாள். விசில். அடுத்தது. விசில். பேருந்து நிலையத்தின் மேல் கொஞ்ச நேரம் கை நின்றது. பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவசரமாக அதையும் குறித்தாள். கோடு நேரானது. பழைய தடங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து அப்படியே செய்தாள். வேலை சுத்தமாக இருந்தது. மற்றவர்கள் கிளம்பும் நேரத்துக்குள் முடித்தும்விட்டாள்.

வீட்டில் அண்ணி கேட்டாள்: "என்ன மூஞ்சி இப்படி இருக்கு? கதைப் புஸ்தகத்துக்கு அழுக்கு எடுக்கிற வேலையில அப்படி என்ன களைப்பு?"

"ஒண்ணுமில்ல அண்ணி," என்றாள்.

இசக்கி அந்த வாரக் கடைசியில் வந்தாள். கையில் பொட்டலம் இல்லை. பலகையை மேசைமேல் வைத்தாள்.

"முடிச்சிட்டியா?" சகாயராணி அவளைப் பார்க்காமல் கேட்டாள்.

"இல்லக்கா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் படிச்சேன்." பலகையை முன்னால் தள்ளினாள். "நத்தைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"எங்கயும் நிக்கலக்கா. கரண்டு பில்லப் படிக்க மாதிரிப் படிச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு பையப் பிடிச்சிட்டு நிக்கா, இவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. பழசையெல்லாம் திரும்ப எடுத்துப் பாத்தேன். லாரிக் கதை, நர்ஸு கதை. அதுலயும் இப்ப ஒண்ணுமில்ல. முன்னால நின்னாங்கன்னு நான்தான் கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு தோணுது."

சகாயராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்றுமில்லை.

"மெர்லின்ட்ட சொன்னேன். அவ அழுதா. நான் அழல." இசக்கி பலகையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அத்தனை கதையும் படிச்ச மனுஷி. அவங்களுக்கே இதெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டுதுன்னா, எனக்கும் ஒருநாள் அப்படி ஆயிரும்லா? எங்கம்மாவும் அதான் சொல்லுதா. வயசுல வாரது, போயிரும்னு. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாராங்க. சரின்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். நத்தை நின்றாள், அழித்தது நான். சகாயராணியின் வாய் திறந்தது.

"பலகையில கீறல் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

"இல்லக்கா," என்றாள் இசக்கி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். வெயிலில் அவள் முதுகு கொஞ்ச நேரம் தெரிந்தது.

சகாயராணி எழுந்து நேராகத் திரவியத்தின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"சார், நத்தையோட தடத்தைப் பழையபடி போட்டுரலாமா? அழிக்கிறதுக்கு முன்னால உள்ள மூலம் எங்கிட்ட இருக்கு."

அவள் நின்றபடியே பேசினாள். இசக்கி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மின்கட்டண ரசீதைச் சொன்னாள். பையின் காதைப் பிடித்திருந்த பேச்சியைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். "நத்தையே நிக்காத இடத்துல நான் எதுக்கு நிக்கணும்கிற மாதிரி பேசுதா சார்."

திரவியம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுவரில் எங்கேயோ பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் ஒரு பக்கத்தைத் துடைத்தார். போட்டுக்கொண்டார். சரியாகத் தெரியவில்லை போல, மறுபடியும் கழற்றி மறுபக்கத்தைத் துடைத்துப் போட்டார். மூன்றாவது முறையும் கழற்றினார். இம்முறை கண்களைத் துடைத்தார்.

சகாயராணியின் பெருவிரல்கள் புடவைத் தலைப்பின் மேல் தானாக அழுத்தி, எடுத்து, அழுத்திக்கொண்டிருந்தன. நத்தையின் தடத்தில், திரையில் பார்த்துப் பழகிய தாளம். விரல்களுக்கு முதலில் தெரிந்தது. அவளுக்குப் பிறகுதான்.

அவள் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சார், நீங்க வீட்டுல சமைப்பீங்களா?"

"எனக்கு வெந்நி போடக்கூடத் தெரியாது," என்றார் அவர். சொல்லிவிட்டு, கேள்வி எதற்கு என்பதுபோல அவளைப் பார்த்தார்.

"நான் இவ்வளவு நாளும் உங்களைச் சமையக்காரின்னு நினைச்சிட்டேன் சார்."

அவர் மறுக்கவில்லை. வெளியே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை இருவரும் பேசவில்லை.

"அந்தத் தலைப்பைப் பட்டியல்ல இருந்து எடுத்தது யாருன்னு தெரியுமா?" என்றார் கடைசியில். "கையெழுத்து என்னோடது. கோஷம் போட்டவங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மறுவாரம் வெக்கமா இருந்துச்சு. அதுல ஒரு புஸ்தகத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். தடம் ஒண்ணு இருந்தா யாராவது வழி கண்டுபிடிச்சு வருவாங்கன்னு. ஊருக்குச் செய்றேன்னுதான் நினைச்சேன். படிக்கப் படிக்க, அது என்னையப் பத்தி எழுதின மாதிரி இருந்துச்சு."

"வீட்டுல…?"

"தெரியாது. எனக்குத் தெரிஞ்சதே இப்பத்தானே." கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டார். அது இல்லாமல் அவர் முகம் யாரோ வேறொருவர் முகம்போல இருந்தது. "புகார்னு வந்ததும் மத்தது எதுவும் ஞாபகம் வரல சகாயம். பலகை நம்பர்தான் ஞாபகம் வந்துச்சு. மகளுக்குத் தேதி குறிச்சாச்சு. அவ மாமனாரு வீட்டுல நாலு பேரு நாலு விதமா… உங்களை வச்சு என் வாய நானே பொத்திக்கிட்டேன்."

"பொத்தினது என் கைதான் சார்."

"நான்தானே சொன்னேன்."

"சொன்னா செஞ்சிரணுமா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னால திரும்பப் போட முடியாது," என்றார் திரவியம். "கமிட்டி வந்துட்டுப் போனப்புறமும் முடியாது. கேவலமா இருக்கு. ஆனாலும் முடியாது."

"உங்களைப் போடச் சொல்லல சார்," என்றாள் சகாயராணி. அவருடைய மௌனம் அவருடையது. அவர் வேண்டாமென்றால் அதை எடுத்து யாருக்கும் கொடுக்கிற உரிமை அவளுக்கு இல்லை. எழுந்து வெளியே வந்தாள். அலமாரியிலிருந்து ஒரு பலகையை எடுத்து உப்பளக் கதையை ஏற்றினாள். புனைபெயர் கேட்டது. ச என்று ஆரம்பித்துத் தன் முழுப்பெயரையும் எழுதினாள்.

மாலையில் அடுக்களையில் உட்கார்ந்து படித்தாள். அண்ணி ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். அடுப்பில் நிஜமாகவே குக்கர் இருந்தது. திரையில் அவள் ஏற்கனவே படித்த கதைதான். ஆனால் பலகையில் இதுதான் முதல்முறை, பலகை முதல் வாசிப்பை மட்டுமே பதிவு செய்யும். இசக்கிக்குத் தன் நிறுத்தங்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. இந்தா, நத்தை இல்லாவிட்டால் என்ன, நான் நிற்கிறேன், பார்.

குக்கர் கத்தியது. எழுந்து அணைத்துவிட்டு வந்தாள். விளக்கெண்ணெய்ப் பக்கம் வந்தது. அப்போது அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பேருந்து நிலையம் வந்தபோது அவன் அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டான்.

"என்ன படிக்க?"

"ஆபீஸ் வேலைண்ணே."

"சோறு ஆயிட்டா?"

"ஆயிட்டு."

அவன் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். பலகையைப் பற்றி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மேசையில் தன் தடத்தைத் திறந்து பார்த்தாள். குக்கர் இருந்த இடத்தில் அழகான ஒரு முடிச்சு. உப்புப் பாத்தியின் வர்ணனையில், கூலித் தகராறில், மழை பெய்து உப்பு கரைந்த இடத்தில் எல்லாம் நின்று நிதானமாகப் படித்திருந்தாள். நிழலில் நின்ற இடத்தில் கோடு நேராக இருந்தது. விளக்கெண்ணெயில் நேராக இருந்தது. பேருந்து நிலையத்தில் பையின் காதைப் பிடித்திருந்த அந்த வரியைப் பலகை கிட்டத்தட்டப் பதிவே செய்யவில்லை. அவ்வளவு வேகமாகத் தாண்டியிருந்தாள். நிற்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். நின்ற ஞாபகம்கூட இருந்தது.

அண்ணன் வராத பக்கங்களிலும் ஓடியிருந்தாள்.

இத்தனை வருடம் மற்றவர்கள் தடத்தில் எது உண்மை எது விசில் என்று பிரித்தவள். தன்னுடையதில் பிரிக்க ஒன்றுமே இல்லை. அழித்துவிட்டு வேறொரு நாவலைப் படித்துப் போடலாம். யாருக்கும் தெரியாது. துடைப்பதற்கான கட்டம் திரையில் காத்திருந்தது. அவள் எதையும் குறிக்கவில்லை. குக்கரைக்கூட. அப்படியே, பெயரோடு, வெளியே விட்டாள். இசக்கியின் கைபேசிக்கு, உப்பளக் கதைக்குப் புதிய தடம் வந்திருக்கிறது என்று அறிவிப்பு போயிருக்கும்.

அன்று பிற்பகல் இசக்கி வந்து பலகை எடுத்துப்போனாள். சகாயராணி அப்போது வேண்டுமென்றே உள்ளறையில் இருந்தாள்.

கமிட்டி வந்து, காபி குடித்து, நேரான கோடுகளைப் பார்த்துத் திருப்தியோடு போனது. அதற்கு மறுநாள் இசக்கி மேசைக்கு எதிரே வந்து நின்றாள். பின்னால் அலமாரிகளுக்கு நடுவே திரவியம் ஏதோ ஒரு புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சோறு வச்சீங்களாக்கா? எந்திரிச்சுப் போனது தெரிஞ்சுது," என்றாள் இசக்கி. "ஏன் துடைக்கல?"

"துடைக்கத் தோணல."

"பெருசா கூலித் தகராறுலயெல்லாம் நிக்கீய. எனக்குத் தூக்கம் வந்துட்டு." சிரிக்கவில்லை. "அப்புறம் நிழல்ல நிக்க இடம் வந்துச்சு. சடசடன்னு வரி ஓடுது. நான் பயந்தே போயிட்டேன். யாரோ வாராங்க, மறைச்சு வையின்னு யாரோ கையப் பிடிச்சு இழுக்க மாதிரி. எங்கெங்க ஓடுதீயன்னு பாத்துக்கிட்டே வந்தேன். எல்லாம் அந்த இடந்தான். ஒண்ணு விடாம அந்த இடந்தான்."

சகாயராணிக்குத் தலை நிமிரவில்லை.

"நானும் அப்படித்தான்க்கா வீட்டுல படிப்பேன்," என்றாள் இசக்கி மெதுவாக. "ஒண்ணுமில்லாத இடம்னா எதுக்கு ஓடணும்? உங்க வயசுலயும் ஓடுதீயன்னா, அது போகலன்னுதானே அர்த்தம்?" ஒரு கணம் கழித்துச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வரவேண்டாம்னு சொல்லச் சொல்லிட்டேன். அம்மா பேச மாட்டேங்கா."

இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"நத்தை நின்னாங்க இசக்கி," என்றாள் சகாயராணி. "பஸ் ஸ்டாண்டுல ரொம்ப நேரம் நின்னாங்க. நீ கற்பனை பண்ணல. நான்தான் எல்லாத்தையும் விசில்னு குறிச்சு அழிச்சேன்."

இசக்கி அவளையே பார்த்தாள். "நீங்களா?"

"ஆமா."

"அன்னைக்கு நான் இங்க நின்னு அவ்வளவு சொன்னேன். அப்பவும் கீறல் இருக்கான்னு கேட்டீய."

"ஆமா."

"எதுக்குக்கா?"

"பயம்," என்றாள். வேறு சொல் கிடைக்கவில்லை. இருந்ததும் அதுதான்.

இசக்கி மேசையிலிருந்து ஓரடி பின்னால் போனாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. சகாயராணி எதிர்பார்க்கவும் இல்லை.

"நத்தை அக்காவ உங்களுக்குத் தெரியுமா?" என்று இசக்கி கேட்டாள்.

சகாயராணி மேசையிலிருந்த பலகைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சா சொல்லுங்க. அவங்க நிக்கலன்னு நெனச்சு நான் கோவப்பட்டுட்டேன். வஞ்சேன்கூட. மெர்லின்ட்ட அவங்களப் பத்தி அசிங்கமாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கிடச் சொல்லுங்க."

அலமாரிகளுக்கு நடுவே ஒரு புத்தகம் கீழே விழுந்தது. இசக்கி திரும்பிப் பார்த்தாள். திரவியம் அதைக் குனிந்து எடுக்கவில்லை. கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

"சாருக்குக் கண்ணுல தூசி விழுந்துட்டா?" என்றாள் இசக்கி.

"ஆமா, பழைய ரேக்கு. ஒரே தூசி," என்றாள் சகாயராணி உடனே. சொல்லிவிட்டுப் பெருவிரலைப் பார்த்தாள். இன்னொரு விசில். இவ்வளவுக்குப் பிறகும் அது எவ்வளவு சுலபமாக வருகிறது.

திரவியம் மூன்றாவது முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். இம்முறை அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாத முகத்தோடு இசக்கி இருந்த பக்கமாகப் பார்த்தார். அவருக்கு அவள் சரியாகத் தெரிந்திருக்காது. வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. இசக்கியும் போகாமல் நின்றாள்.

"தூசி இல்லம்மா," என்றார்.